வெள்ளிக்கிழமைப் புள்ளிகள்

என் அண்ணனுக்குப் பேச்சு வராது என்று மருத்துவமனைத் தாளில் எழுதியிருக்கிறது. எழுதியவர்மேல் குற்றமில்லை. அவர் பார்த்தது கட்டிலில் விறைத்துக் கிடந்த ஒருவனை. தெல்தோட்டையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசைவீடுகளான எங்கள் லயத்து வாசலில் நின்று, பஸ் கொண்டக்டர் மாதிரி ஒரு கையைத் தூக்கி, "நுவர நுவர நுவர" என்று கண்டிக்கு ஆள் கூப்பிடுகிற சசி அண்ணனை அவர் எங்கே கண்டார்? சிங்களத்தில் கண்டிக்கு அதுதான் பெயர், பஸ்ஸில் கேட்டுப் பிடித்துக்கொண்டான். வீட்டுக்குள் வர யாராவது தயங்கினால், "இஸ்ஸரஹட்ட, இஸ்ஸரஹட்ட" என்று முதுகில் தட்டி முன்னால் தள்ளுவான். அம்மாவையும் தள்ளுவான், தோட்டத்துத் துரையையும் ஒருமுறை தள்ளியிருக்கிறான்.

அவனுக்கு முப்பது வயதாகப்போகிறது. பிறந்தபோது மூச்சு வரத் தாமதமாகி, மூளை வளர்ச்சி பின்தங்கிவிட்டது. அறிவுசார் குறைபாடு என்பது அதற்கு இப்போதைய பெயர். எங்களைப் போல இப்படி ஒருவரோடு வாழ்ந்துகொண்டு, கையில் மாத்திரை உறையை வைத்துக்கொண்டு, இது வேலை செய்கிறதா இல்லையா என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று தெரியாமல் நாங்கள் அவனைக் கிட்டத்தட்ட இழந்துவிட்டோம்.

தலையில் அடித்துக்கொள்கிற பழக்கம் அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. எப்போதாவது, கோபம் வந்தால், உள்ளங்கையால் நெற்றியில் இரண்டு தட்டு. நான் பல்கலைக்கழக வளாகத்தில் சேர்ந்து மாணவர் விடுதிக்குப் போன பிறகு அது வேறு மாதிரி ஆனது. சுவரில் முட்டினான். மணிக்கட்டைக் கடித்து இரத்தம் வரவைத்தான். தடுக்கப்போன அம்மாவின் கையில் பல் பதிந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அழுதன. இப்படிப்பட்டவர்களுக்கான விடுதி ஒன்றில் அவனைச் சேர்த்துவிடுங்கள் என்று லயத்தில் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்கள். அப்பா கண்டியில் ஓர் இரும்புக்கடையில் வேலை செய்கிறார். இருட்டோடு போய் இருட்டோடு வருகிறவர். அந்தப் பேச்சு வந்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார்.

கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். இந்த மாதிரி அடிப்பது, கடிப்பது, உடைப்பது எல்லாவற்றையும் சேர்த்துப் 'பிரச்சினை நடத்தை' என்கிறார்கள். மாத்திரை அதற்கென்றே செய்யப்பட்டதல்ல. வேறு மனநோய்களுக்கான மருந்து, இவர்களையும் அடக்குகிறது என்பதால் கொடுக்கிறார்கள். பலன் இருக்கிறதா என்று பார்க்க, அடித்துக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் குறித்துக்கொண்டு வரச் சொன்னார் கிளினிக் டாக்டர்.

எனக்குக் கேட்கவா வேண்டும்? நான் படிப்பதே புள்ளிவிபரம். குறிக்கச் சொன்னால் கோடு போட்டு, கட்டம் போட்டு, கலர் பேனை வாங்கி வைக்கிற ஆள். கலண்டரை இறக்கி, ஒவ்வொரு அடிக்கும் அந்த நாளில் ஒரு சிவப்புப் புள்ளி என்று அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தேன். அம்மா ஒன்று விடாமல் வைத்தார். மாதம் முடிந்து பார்த்தபோது, வெள்ளிக்கிழமைகள் அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தன. மற்ற நாட்கள் ஏறக்குறைய வெறுமை.

வெள்ளிக்கிழமை என்றால் நான் விடுதியிலிருந்து வீடு வருகிற நாள். அதைத்தான் முதலில் நினைத்தேன். நான் வருவதுதான் அவனைக் குழப்புகிறது, நான்தான் காரணம். சோதித்துப் பார்க்காமல் விடுவேனா? வெள்ளிக்கிழமை போவதை நிறுத்தினேன். விடுதி ஜன்னலில் இருந்து மழையைப் பார்த்துக்கொண்டு, இந்நேரம் பஸ் கலஹாவைத் தாண்டியிருக்கும், இந்நேரம் வாசலுக்கு வந்திருப்பான் என்று கணக்குப் போட்டபடி இருந்த மாலைகள் அவை. தொலைபேசியில் அம்மா கேட்டார்: "ஏன் புள்ள வர மாட்டேங்குற? ஒங்கண்ணன் வாசப்படியவுட்டு எறங்க மாட்டேங்குறான்." படிப்பு அதிகம் என்றேன்.

புள்ளிகள் குறையவில்லை. காரணம் நானில்லை என்று தெரிந்ததும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஆனால் கிளினிக்கில் கலண்டரைப் பார்த்தவர்கள் மருந்து போதவில்லை என்று கூட்டினார்கள். அடுத்த முறை இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு முறையும் வேறொரு இளம் டாக்டர். வரிசையோ வாசல்வரை.

பிறகு புள்ளிகள் குறைந்தன. வெள்ளிக்கிழமைகூட ஒன்றிரண்டுதான். நான் கலண்டரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன், அண்ணனைப் பார்த்தபோதுதான் ஏதோ இடித்தது. கதிரையில் உட்காரவைத்தால் அப்படியே இருந்தான். வாயோரம் எச்சில் வழிந்தது. முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. நான் பையோடு வாசலில் போய் நின்றேன், தள்ளுவான் என்று. தள்ளவில்லை. நானே "நுவர நுவர" என்று சொல்லிப் பார்த்தேன். கண் மட்டும் மெல்லத் திரும்பி, மறுபடி சுவருக்குப் போனது.

ஒரே வீட்டில் எதிரே இருக்கிற ஆளுக்காக ஏங்குவது என்பது விசித்திரமான ஏக்கம். யாரிடம் சொல்வது? அடிக்காமல் இருக்கிறானே என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் சோறு தொண்டையில் சிக்கி இருமினான். மறுநாள் காய்ச்சல். அதற்கடுத்த நாள் நெஞ்சு கொரகொரத்தது. வாடகைக்கு ஒரு வான் வண்டி பிடித்து, அப்பா அவனை மடியில் கிடத்திக்கொண்டு, வளைவு வளைவாகக் கண்டிக்கு இறங்கினோம். கை கால் மரக்கட்டை போல மடங்க மறுத்ததால் வான் கதவுக்குள் எடுக்கவே பெரும்பாடு. ஆஸ்பத்திரியில் அனுமதிக்கும் இடத்தில் நீண்ட வாங்கில் காத்திருந்தோம். அவன் தலை என் தோளில் இருந்தது. முன்பெல்லாம் கூட்டம் கண்டால் கொண்டக்டர் வேலை தொடங்கிவிடுவான், நான் வெட்கத்தில் முகத்தை மூடிக்கொள்வேன். அன்றைக்கு அவ்வளவு கூட்டத்தில் ஒரே ஒரு தடவை வெட்கப்பட வைக்க மாட்டானா என்று இருந்தது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள், மறுபடியும் எடுத்தார்கள். விஷயம் இதுதான்: மருந்து அதிகமானதால் தசைகள் விறைத்துவிட்டன. விழுங்குவதும் தசைகளின் வேலை. அது மந்தமானதால் சோறும் எச்சிலும் வயிற்றுக்குப் போகிற வழியை விட்டு நுரையீரலுக்குள் இறங்கி, அங்கே கிருமி பற்றியிருந்தது. மூக்கில் ஒட்சிசன் குழாய், கையில் சேலைன். சில நாட்கள் உணவும் மூக்குவழிக் குழாயில்தான். மாத்திரையைப் பாதிக்கும் கீழே குறைத்தார்கள். ஒரேயடியாக நிறுத்தினால் வேறு ஆபத்து உண்டாம். இதைப் படிக்கிற யாரும் தங்கள் இஷ்டத்துக்கு நிறுத்திவிட வேண்டாம் என்பதற்காகவும் சொல்கிறேன்.

ஆண்கள் வார்ட்டில் பெண்கள் தங்க முடியாது. அண்ணனின் நிலையைச் சொல்லி அம்மாவுக்கு ஓர் அனுமதித் துண்டு வாங்கினோம். அம்மாவுக்குச் சிங்களம் வராது, மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று நச்சரித்து எனக்கும் ஒன்று வாங்கினேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு வயதான வாப்பா. அவரைப் பார்த்துக்கொண்டவர் அவருடைய மகன், அலவத்துகொடையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற ரிஸ்வான் நானா. முதல் நாளே தன் ஸ்டூலை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்றார். வீட்டிலிருந்து வாப்பாவுக்கு வரும் சூப்பில் எங்களுக்கும் ஒரு பங்கு வந்தது. அம்மா வேண்டாம் என்றால் என்னிடம் சொல்வார்: "தங்கச்சி, குடிக்கச் சொல்லுங்க. வாப்பா ரெண்டு கரண்டிக்கு மேல எடுக்க மாட்டாரு. சும்மாதான் ஈக்கிது." அப்பா கடை விட்டதும் ஓட்டமாக வருவார். பார்வையாளர் நேரத்தில் மிச்சமிருக்கும் கொஞ்ச நேரமும் அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிவிடுவார். மணி அடித்ததும் போவார்.

காய்ச்சல் இறங்கத் தொடங்கிய பிறகு மனநலப் பிரிவிலிருந்து ஒரு பெண் டாக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கெட்டிக்காரத்தனத்தோடு கொஞ்சம் அவசரமும் உள்ளவர், என்னைப் போல. நான் கலண்டரைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"இது ஆர் செய்தது? நல்ல வேலை. ஆனா தங்கச்சி, இதில அவர் சிரிச்சது எங்க இருக்கு?"

எனக்கு விளங்கவில்லை.

"மருந்து கோவத்தை மட்டும் தேடிப் பிடிக்காது. எல்லாத்தையும்தான் அமத்தும். அடி குறைஞ்சது எண்டு மட்டும் குறிச்சா, ஆள் குறைஞ்சதை ஆர் குறிக்கிறது?"

பிறகு வெள்ளிக்கிழமைகளில் விரலை வைத்து, அன்றைக்கு என்ன நடக்கிறது என்று கேட்டார். நானும் அம்மாவும் மாறி மாறிச் சொன்னோம். கோயில் ஒலிபெருக்கி. சாயங்கால மணி. சாம்பிராணிப் புகை. என் சோதனையையும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், எதிலும் திருப்தியில்லாமல் போனார்.

விடை அந்த வாரமே வந்தது, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை காலையில். குழாயை எடுத்துவிட்டுக் கரண்டியால் கஞ்சி கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள். நான் முகம் கழுவிவிட்டு வந்தபோது கஞ்சிக் கோப்பை மூடியபடி இருந்தது. மருந்து வண்டியோடு தாதி நின்றார். அம்மா அண்ணனின் வாய்க்குக் குறுக்கே தன் கையை வைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, பெஹெத் ஓன," என்றார் தாதி, மருந்து கொடுக்க வேண்டும் என்று.

அம்மா என்னைப் பார்த்தார். "சொல்லு புள்ள. இன்னிக்கு வெள்ளிக்கெழமன்னு மிஸ்கிட்ட சொல்லு. வெளக்கு வச்சப்பொறவு குடுத்துக்கலாம்."

"என்னம்மா வெள்ளிக்கிழமை?"

"வெரதம்ல. வெறும் வயித்துல மாத்தர போடக்கூடாதுன்னு அவுங்கதானே எழுதியிருக்காங்க, சாப்பாட்டுக்குப் பொறகுன்னு."

அம்மா வெள்ளிக்கிழமை விரதம் இருப்பது எனக்குத் தெரியும். அண்ணனுக்காக முருகனுக்கு நேர்ந்துகொண்டது. ஆனால் அவனையும் சேர்த்துப் பிடிக்கவைக்கிறார் என்பது எனக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. அப்பா விடியுமுன் போய்விடுகிறார். நான் வரும்போது விளக்கேற்றி, எல்லோரும் ஒன்றாய்ச் சாப்பிடுகிற நேரமாகியிருக்கும். அம்மா எதையும் மறைக்கவில்லை. நாங்கள் கேட்கவில்லை.

அந்த மனநல டாக்டர் வந்து உட்கார்ந்து கேட்டபோது அம்மா சொன்னது இது. அண்ணன் அடித்துக்கொள்வதைப் பார்க்கப் பொறுக்காமல் நேர்ந்துகொண்டார். முதலில் இருவரும் காலைச் சாப்பாடு மட்டும்தான் விட்டார்கள். அடி கூடியது. விரதத்தில் குறை இருக்கிறது போலும் என்று மத்தியானச் சாப்பாட்டையும் விட்டார்கள். அவனுக்கு ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம். சாப்பாடு இல்லாததால் மாத்திரையும் இல்லை. அடி இன்னும் கூடியது. அதற்குக் கிளினிக்கில் மாத்திரையைக் கூட்டினார்கள். மாத்திரை கூடக்கூட அம்மா விரதத்தை இறுக்கினார். இரண்டும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஏறின, நடுவில் பசிக்கிறது என்று சொல்லத் தெரியாத ஒருவன் சுவரில் முட்டிக்கொண்டிருந்தான்.

"அவனுக்காகப் புடிக்கிற வெரதம். அவனும் சேந்து புடிச்சாத்தானே அவனப் போயிச் சேரும்?" என்றார் அம்மா. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கை மட்டும் கஞ்சிக் கோப்பையின் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. "பசின்னா அழுவான்னு நெனச்சேன். இவன் அழலையேங்க."

டாக்டர் திட்டவில்லை. நான் பயந்துகொண்டிருந்தேன், திட்டவில்லை. பசியா, மருந்து விட்டதா, எது அடிக்கவைத்தது என்று இப்போது சொல்ல முடியாது என்றார். ஒரே நாளில் இரண்டும் சேர்ந்து மாறியிருக்கின்றன. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது எதைச் செய்தது என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. இதை முதலாம் ஆண்டில் எனக்குப் பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறார்கள். கட்டிலோரத்தில், அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டு கேட்டபோதுதான் அது உள்ளே போனது.

அம்மா அழுதது டாக்டர் போன பிறகு. ரிஸ்வான் நானா வாப்பாவின் போர்வையைச் சரிசெய்துகொண்டே, எங்கள் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "அம்மா, எங்கட நோம்புலயும் சொகமில்லாத ஆளுக்கு விடுதல ஈக்கிது. ஆண்டவன் பசிச்சவன்கிட்ட கணக்கு கேக்க மாட்டான்." அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன கஞ்சியைக் கரண்டியில் எடுத்தார். ஒவ்வொரு கரண்டிக்கும் அவன் தொண்டை ஏறி இறங்கும்வரை காத்திருந்து கொடுத்தார். தான் குடிக்கவில்லை. தன்னுடைய விரதத்தை அவர் விடவில்லை.

அன்று மாலை அப்பா வந்தபோது நான்தான் சொன்னேன். அவர் வழக்கம்போல விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, பையிலிருந்து ஒரு பணிஸ் ரொட்டியை எடுத்து அம்மாவின் மடியில் வைத்து, "வெளக்கு வச்சாச்சி, தின்னு," என்றார். வார்ட்டில் ஏது விளக்கு? டியூப் லைட்டைத்தான் காட்டினார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அம்மா சிரித்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் போட்ட ஒழுங்கு எளிமையானது. ஆஸ்பத்திரியில் பார்ப்பது கணக்கில்லை, வீட்டில்தான் பார்க்க வேண்டும். முதலில் மாத்திரையைத் தொடாமல் சாப்பாட்டை மட்டும் எல்லா நாளும் ஒரே மாதிரி ஆக்க வேண்டும். வெள்ளிக்கிழமைகள் அடங்குகின்றனவா என்று பார்த்த பிறகு, சாப்பாட்டைத் தொடாமல் மாத்திரையைக் கிளினிக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். ஒரு நேரத்தில் ஒன்று. புள்ளி வைக்கும்போது அதற்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்றும் எழுத வேண்டும். நல்லதற்கும் ஒரு நிறம் வேண்டும். நான் பச்சைப் பேனை வாங்கினேன்.

வெள்ளிக்கிழமைகள் அடங்கின. மற்ற நாட்களைப் போலவே ஆயின. அண்ணன் மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிடுகிறான், பக்கத்தில் அம்மா வெறும் தண்ணீரோடு உட்கார்ந்து ஊட்டுகிறார். அதன் பிறகு மாத்திரை இறங்கத் தொடங்கியது. இறக்கிய வாரங்களில் புள்ளிகள் கொஞ்சம் தலைகாட்டின. பிறகு அடங்கின. அவனை விடுதியில் சேர்க்கிற பேச்சை லயத்தில் யாரும் எடுப்பதில்லை.

பச்சைப் புள்ளிகள் மெல்லத்தான் வந்தன. எச்சில் நின்றதற்கு ஒன்று. தானாக எழுந்து வாசல்வரை நடந்ததற்கு ஒன்று. கோழியைப் பார்த்து உதடு கோணியதற்கு ஒன்று. அது சிரிப்புதானா என்று அம்மாவும் நானும் வாதாடினோம், நான் வைத்துவிட்டேன். கொண்டக்டர் மட்டும் இன்னும் திரும்பவில்லை. நான் இப்போது எல்லா வெள்ளிக்கிழமையும் போகிறேன். பஸ் கடைசி வளைவில் திரும்பும்போதே காதைத் தீட்டிக்கொள்கிறேன். வாசலில் நிற்கிறான், என் முகத்தைப் பார்க்கிறான், பையைத் தொட்டுப் பார்க்கிறான். அந்தக் குரல் எந்த மாத்திரைக்கு அடியில் இருக்கிறது, இன்னும் எத்தனை இறக்கினால் மேலே வரும், வருமா என்று டாக்டரைக் கேட்டேன். தெரியாது என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற டாக்டர் அவர்.

போன வாரம் பனி இறங்கி, தேயிலை மலையே தெரியவில்லை. அம்மா பழையபடி அவனுக்குக் கம்பளித் தொப்பியை மாட்டிவிட்டார். மருந்து உச்சத்தில் இருந்த மாதங்களில் மாட்டியது மாட்டியபடி சாயங்காலம்வரை இருப்பான். காது மறைந்து கண்வரை இறங்கினாலும் தூக்கிவிட மாட்டான். அன்றைக்கு அதைப் பிடுங்கி எறிந்தான். அம்மா எடுத்துத் தட்டி மறுபடி மாட்டினார். இந்த முறை வாசலைத் தாண்டித் தண்ணீர் ஓடும் கானுக்குள் போய் விழுந்தது. அம்மாவின் கையையும் ஓங்கித் தட்டிவிட்டான். சத்தம் கேட்டது.

நான் கலண்டரடியில் இரண்டு பேனைகளோடும் நின்றேன். பொருட்களை எறிதல், பிறரை அடித்தல். சிவப்புக்குத்தான் கை போனது.

"என்னம்மா எழுதட்டும்?" என்று கேட்டேன்.

அம்மா கானிலிருந்து தொப்பியை எடுத்துப் பிழிந்துகொண்டிருந்தார். சிவந்திருந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு அவனையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அவனுக்குக் குளிரலன்னு எழுது," என்றார்.